மலையேறும் டீசல் காரிடம் 20 கிலோமீற்றர் கேட்காதீர்கள்

மறுபடியும் ஒரு கார் வந்தது. இரண்டு லீற்றர் டர்போ டீசல், 190 குதிரைவலு, 400 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. இருக்கைகளில் புது வாசம்கூடப் போகவில்லை. உரிமையாளர் நுவரெலியாப் பக்கத்து மரக்கறி வியாபாரி. "அண்ணே, லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடும் என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு 11தான் ஓடுகிறது. இன்ஜெக்டர் கழுவிப் பார்ப்போமா?" என்றார்.

எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரை நான் தொடவில்லை. காரை உயர்த்திச் சக்கரத்தைக் கழற்றினேன். முன் பிரேக் தட்டுகள் இரண்டும் நீலம் பாய்ந்து கிடந்தன. தட்டைப் பிடிக்கும் பிரேக் பேட்டின் முகம் வெந்து இறுகி, விரலால் தடவினால் வழுக்கியது. அந்த 20ஐ எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று இறம்பொடை இறக்கம் முழுவதும் நியூட்ரலில் இறங்கியிருக்கிறார். பின் இருக்கையில் பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள்.

காரில் எந்தக் குறையும் இல்லை. காரிடம் இல்லாத ஒன்றைக் கேட்டதுதான் குறை. ஹட்டனில் கராஜ் வைத்திருக்கும் எனக்கு இதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

எரிபொருள் என்றாலே நம் மக்களுக்குப் பதற்றம் வருவது நியாயம்தான். 2022இல் கியூஆர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இரவும் பகலும் வரிசையில் நின்றவர்கள் நாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இத்தனை காலம் காத்திருந்து, வரியும் கட்டி, ஆசைப்பட்டு வாங்கிய காருக்கு லீற்றர் கணக்குப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பாருங்கள். ஆனால் சரியான கணக்கைப் பாருங்கள்.

அந்த 20 எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவில் 2017 செப்டெம்பர் முதல் நடைமுறைக்கு வந்த, எரிபொருள் செலவை அளக்கும் டபிள்யூஎல்டிபி என்னும் சோதனையிலிருந்து வந்தது. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மேல் காரை நிறுத்தி, 23 பாகை வெப்பநிலையில், சரியாக 30 நிமிடம் ஓட்டுகிறார்கள். தூரம் 23 கிலோமீற்றரும் சொச்சமும். சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீற்றர். அதற்கு முன்பிருந்த என்ஈடிசி சோதனை இன்னும் மென்மையானது. 20 நிமிடத்தில் 11 கிலோமீற்றர், அவ்வளவுதான். பழைய விளம்பரத் தாள்களில் உள்ள இன்னும் பெரிய எண்கள் அந்தக் காலத்தவை. இரண்டு சோதனையிலும் ஓர் அடிகூட ஏற்றம் கிடையாது. உருளைக்கு மலை தெரியாது.

"நானும் மெதுவாகத்தானே போகிறேன் அண்ணே" என்பார்கள். ஹட்டன் வீதியில் யார்தான் வேகமாகப் போக முடியும்? ஆனால் மெதுவாகப் போவது வேறு, சீராகப் போவது வேறு. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக், வளைவு முடிந்ததும் ஆக்சிலேட்டர், முன்னால் கொழுந்து லொறி, அதைத் தாண்ட ஒரு மிதி, அடுத்த வளைவில் மீண்டும் பிரேக். 400 நியூட்டன் மீற்றர் இருக்கும் காரில் அந்த ஒரு மிதி சுகமாக இருக்கும். ஒவ்வொரு மிதிக்கும் விலை உண்டு.

ஏற்றத்துக்கு வருவோம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆட்களோடு 1700 கிலோ எடையுள்ள கார் கொழும்பிலிருந்து வருகிறது என்று வையுங்கள். வீதியின் உராய்வும் காற்றின் தடையும் ஒருபுறம் இருக்கட்டும். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறத்தாழ 31 மெகாஜூல் சக்தி வேண்டும். ஒரு லீற்றர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் இருக்கிறது, ஆனால் எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்று விஞ்சித்தான் சக்கரத்துக்குத் தருகிறது, மற்றது சூடாகப் போய்விடுகிறது. ஆக, தூக்குவதற்கு மட்டும் சுமார் இரண்டரை லீற்றர். இதை உலகத்தில் எந்த நிறுவனத்தின் காரும் தவிர்க்க முடியாது. இன்ஜெக்டர் கழுவினாலும் தவிர்க்க முடியாது.

இப்படிப்பட்ட காருக்கு என் அனுபவத்தில் கொழும்பிலிருந்து மேலே வர லீற்றருக்கு 12, 13 கிடைத்தால் நல்லது. திரும்பிப் போகும்போது 19, 20 வரும். போக, வர இரண்டையும் சேர்த்தால் 15, 16. நுவரெலியாவுக்குள்ளேயே பாடசாலை, கடை, வீடு என்று ஓட்டினால் 9, 10தான். அந்த வியாபாரியின் 11 எனக்கு நல்ல எண்ணாகவே பட்டது. கீழே இறங்கும்போது திரையில் தெரியும் 22ஐப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறவர்கள் மேலே வரும்போதும் ஒரு படம் எடுங்கள். திரையின் எண்ணையும் முழுதாக நம்பாதீர்கள், பல கார்களில் அது கொஞ்சம் கூட்டியே காட்டும். தாங்கியை நிரப்பி, ஓட்டி, அதே நிரப்பு நிலையத்தில் மறுபடி நிரப்பி, கிலோமீற்றரை லீற்றரால் வகுத்துப் பாருங்கள். ஒரு முறை போதாது, நான்கைந்து தடவை நிரப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள்.

இடையில் ஒன்று. 2015இல் வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் விவகாரத்தைச் சொல்லி "டீசல் கம்பனிகள் எல்லாமே மைலேஜில் ஏமாற்றுகின்றன" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த விவகாரத்தின் மையம், நைட்ரஜன் ஒட்சைட்டுப் புகையைப் பரிசோதனையில் மட்டும் குறைத்துக் காட்டியது. உங்கள் லீற்றர் கணக்குக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

இனி நியூட்ரல். மலைநாட்டில் வாகனம் ஓட்டும் பாதிப் பேர் இன்னும் நம்பும் பொய் இது: இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம். அப்பா சொன்னார், மாமா சொன்னார், லொறி ஓட்டிய பெரியவர் சொன்னார் என்று வருகிறார்கள். அவர்கள் ஓட்டிய வாகனம் வேறு. இன்று நீங்கள் வாங்கியிருக்கும் காரில் இன்ஜெக்டரைத் திறப்பதும் மூடுவதும் கம்ப்யூட்டர். கார் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகிறது என்பதைக் கம்ப்யூட்டர் அறிந்து டீசலை முழுதாக நிறுத்திவிடுகிறது. குறைப்பது அல்ல, நிறுத்துவது. ஒரு துளிகூடப் போகாது. நியூட்ரல் போட்டால் என்ன நடக்கும்? சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு அறுந்துவிடும். எஞ்சின் அணையாமல் இருக்கக் கம்ப்யூட்டர் டீசலைத் திரும்பத் திறந்தாக வேண்டும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு செலவு செய்கிறீர்கள்.

செலவு போனால் போகிறது. ஏறும்போது டீசல் கொடுத்து வாங்கிய சக்தி, இறங்கும்போது எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? கியரில் இறங்கினால் எஞ்சின் அதில் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் அத்தனையும் நான்கு பிரேக் தட்டுகளின் தலையில். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்குவது ஆயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட இறக்கம். பேட் வெந்தால் பிடிப்பு குறையும். பிரேக் ஒயில் கொதித்தால் மிதி தரையைத் தொடும், கார் நிற்காது. எஞ்சினையும் அணைத்துவிட்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. எஞ்சின் அணைந்தால் பிரேக் மிதி இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு கல்லாக இறுகும், ஸ்டீயரிங்கும் இறுகும். அந்த வளைவுகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஒட்டோ கியர்க் கார்களில் ஈக்கோ என்னும் சிக்கன முறையில் போட்டால், காலை எடுத்ததும் சிலவற்றில் கார் தானாகவே கியரை விடுவித்துக்கொள்ளும். சமதரையில் அது நல்ல ஏற்பாடு. இறக்கத்தில் அந்த முறையை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள சிறு நெம்புகோலால் இரண்டாம், மூன்றாம் கியருக்கு வாருங்கள். எஞ்சின் சத்தம் கூடும், பயப்படாதீர்கள். அந்தச் சத்தத்துக்கு டீசல் செலவே இல்லை.

ஏற்றத்தில் இதற்கு நேர்மாறான பிழை. ஆறாம் கியரில் போட்டு எஞ்சினை நிமிடத்துக்கு 1100, 1200 சுற்றில் முனக விட்டு ஏறுவது. சுற்று குறைந்தால் டீசலும் குறையும் என்ற எண்ணம். ஏற்றத்தில் அந்தச் சுற்றில் டர்போவால் போதிய காற்றைத் தர முடியாது, டீசல் சரியாக எரியாமல் கரியாகும். 1800, 2000 சுற்றில் கியரைக் குறைத்து ஏறுங்கள்.

அந்தக் கரி எங்கே போகிறது என்பதில்தான் அடுத்த தலைவலி. புதிய டீசல் கார்களில் புகைக்கரி வடிகட்டி இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். கரி சேர்ந்ததும், கார் தானாகக் கூடுதல் டீசலைச் செலவழித்து வடிகட்டியை 600 பாகை அளவுக்குச் சூடாக்கி அதை எரித்துவிடும். அதற்குப் பத்து இருபது நிமிடம் இடைவிடாமல் ஓட வேண்டும். நுவரெலியாவில் மார்கழிக் குளிரில் வீட்டிலிருந்து பாடசாலைக்கு மூன்று கிலோமீற்றர், அணைத்துவிடுகிறோம். எரிப்பு பாதியில் நிற்கிறது. மறுநாள் மறுபடி தொடங்குகிறது, மறுபடி நிற்கிறது. கணக்கில் வராத டீசல் இங்கேதான் போகிறது.

இதற்கு "ஃபில்டரை வெட்டி எடுத்துவிடுங்கள், மைலேஜ் கூடும்" என்று ஆலோசனை சொல்லும் ஆட்கள் பெருகிவிட்டார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கு வருடாவருடம் புகைப் பரிசோதனை இருக்கிறது என்பது ஒரு பக்கம். மூடுபனி இறங்கிய காலையில் ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்கும் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகிறது அந்தக் கரி. கம்ப்யூட்டரை மாற்றி எழுதி "மைலேஜ் மேப்" போட்டுத் தருகிறேன் என்பவர்களையும் நம்பாதீர்கள். அவர்கள் கூட்டித் தருவது முறுக்குவிசை. முதல் வாரம் குஷியாக இருக்கும். பிறகு அந்த விசையில் பழுதாகும் கியர்ப்பெட்டிக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் பல வருட டீசல் அடித்திருக்கலாம்.

வாரத்தில் ஒரு நாளாவது காரை நன்றாகச் சூடேற விட்டு அரைமணி நேரம் ஓட்டுங்கள். நானுஓயா, தலவாக்கலை வரை போய் வந்தால் போதும். வடிகட்டி விளக்கு எரிந்தால் எஞ்சினை அணைக்காமல் தொடர்ந்து ஓட்டி எரிப்பை முடிக்க விடுங்கள். யூரோ 6 என்னும் புகைத் தரத்துக்குச் செய்த கார் என்றால் சாதாரண ஒட்டோ டீசல் அடிக்காதீர்கள். சுப்பர் டீசல் விலை கூடத்தான், ஆனால் இந்த எஞ்சின்கள் பத்து பிபிஎம், அதாவது பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு கந்தகத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. சுப்பர் டீசலே யூரோ 4 தரம்தான், அதன் கந்தக உச்சவரம்பே ஐம்பது. அதைவிடத் தரம் குறைந்த டீசலை அடித்து ஏன் வடிகட்டியைக் கொல்ல வேண்டும்? எஞ்சின் ஒயிலும் கண்டதை ஊற்றக் கூடாது. சாம்பல் குறைந்த ஒயில் என்று கையேட்டில் போட்டிருக்கும் தரத்தையே வாங்குங்கள். டயர் காற்றைக் காலையில், ஓட்டுவதற்கு முன் பாருங்கள். ஏற்றிவைத்த உரமூட்டையை இறக்குங்கள்.

கடைசியாக ஒன்று, இதை மட்டுமாவது இன்றே செய்யுங்கள். பாதியில் நின்ற ஒவ்வோர் எரிப்பிலும் எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஒயிலில் கலக்கிறது. சமதரையில் காரை நிறுத்தி, எஞ்சின் அணைந்து பத்து நிமிடம் கழித்து, ஒயில் குச்சியை உருவுங்கள். துடைத்து, திரும்ப விட்டு, எடுத்துப் பாருங்கள். ஒயில் குறையாமல் இருக்கிறதே என்று மகிழ்கிறவர்கள் நிறையப் பேர். எப்போது சந்தேகப்பட வேண்டும் என்றால், ஊற்றாமலே கூடியிருந்தால். முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை மூக்கில் அடிக்கும். ஒரு துளியை வெள்ளைக் காகிதத்தில் விடுங்கள், நடுவில் கறுப்பும் சுற்றி வெளிறிய ஈர வளையமுமாகப் பரவும். மேல் குறியைத் தாண்டியிருந்தால் அந்த ஒயிலால் பேரிங்கைக் காக்க முடியாது. நிறையத் தாண்டியிருந்தால் எஞ்சின் தன் ஒயிலையே உறிஞ்சி எரித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடி உடைந்துபோகும். அப்படிக் கண்டால் காரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், கராஜுக்கு ஓட்டிக்கொண்டும் வர வேண்டாம். தொலைபேசியில் உங்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அவர் உங்கள் வீட்டு வாசலிலேயே ஒயிலை மாற்றித் தருவார்.