வால்வு கிதார் ஆம்ப்ளிஃபயர்: வீட்டு இ.எல்.சி.பி. காப்பாற்றாத இடம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் கோயில் திருவிழாவுக்கும் கல்யாண மேடைக்கும் கிதார் வாசிக்கும் பிள்ளைகள் சிலர், வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயரைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். நல்ல காரியம்தான். சிக்னலைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்க ஒரு 5ஒய்3 என மூன்றே வால்வு போதும். ஃபெண்டர் நிறுவனம் 1950களில் விற்ற சேம்ப் 5எஃப்1 சர்க்கிட்டைப் பார்த்துக் கட்டினால் ஏறக்குறைய 5 வாட் கிடைக்கும். லயன் வீட்டில் நான்கு வாசல் தள்ளியும் கேட்கும்.

ஆனால் மின்சாரம் கசிந்தால் மெயினைத் தானே துண்டிக்கும் இ.எல்.சி.பி. சுவிட்சை நம்பி, கட்டுபவர்கள் பலரிடம் ஒரு தவறான தைரியம் இருக்கிறது. "வீட்டுல இ.எல்.சி.பி. இருக்கு, ஷாக் அடிச்சா தானா விழுந்திடும்" என்பார்கள். சுவர் பிளக்கிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் அது சரி. அதைத் தாண்டிவிட்டால் அது விழவே விழாது.

லைவில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று மட்டுமே இ.எல்.சி.பி. பார்க்கிறது. பவர் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு சுருள்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லை; காந்தப் புலம் வழியாகவே சக்தி தாண்டுகிறது. இரண்டாம் பக்கத்து 300, 350 வோல்ட் உங்கள் கைவழியே சேஸிக்கு (பெட்டியின் உலோகச் சட்டத்துக்கு) போனால், அது திரும்பிச் சேர்வது அதே சுருளின் நடு முனைக்கு. வீட்டு மெயினில் கணக்குச் சமமாகவே நிற்கும். நீங்கள் துடித்துக்கொண்டிருக்கும்போதும் இ.எல்.சி.பி. விழாமல் அப்படியே நிற்கும். தவிர, பல வீடுகளில் மெயினில் இருப்பது 100 மில்லியம்பியர் வகை. ஆளைக் காக்க 30 மில்லியம்பியர் வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆபத்து முடிவதில்லை. 350 வோல்ட்டில் நிற்கும் ஒரு 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் சுமார் 1.3 ஜூல் தேங்கியிருக்கும். வால்வுகள் சூடாக இருந்தால் அவை வழியாக வடிந்துவிடும். வால்வைக் கழற்றிவிட்டோ, உள்ளே ஒரு பியூஸ் போன பிறகோ நிறுத்தினால் வடிய வழியில்லை, வெகுநேரம் நிற்கும். ஆகவே முதல் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே ஒரு 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டரை நிரந்தரமாகப் பற்றவையுங்கள். மொத்தம் 42 மைக்ரோஃபாரட் என்றால் 350 வோல்ட், 50 வோல்ட்டுக்குக் கீழே இறங்க 20 விநாடி போதும். அதற்குப் பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே உள்ளே கையை விட வேண்டும், ஏனென்றால் ரெசிஸ்டரும் ஒருநாள் அறுந்துபோகும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து வெடிக்க விடுவது கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணுக்கும் நல்லதல்ல. 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் உறை போட்ட கிளிப் வைத்து வடிப்பதே முறை.

இன்னொரு பொறி 5ஒய்3இன் ஹீட்டர் வயர். 5 வோல்ட்தானே என்று தொடுவார்கள். அந்த ஹீட்டரே கேத்தோடு (எலக்ட்ரான் கிளம்பும் முனை). 2ஆம், 8ஆம் முனைகளில் அந்த 5 வோல்ட்டோடு முழு உயர் மின் அழுத்தமும் சேர்ந்தே இருக்கிறது.

பழைய ரேடியோவைப் பிரிப்பவர்களுக்கு

தாத்தா காலத்து வால்வு ரேடியோவை அப்படியே கிதாருக்கு மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் வால்வின் எழுத்தைப் படியுங்கள். யுஎல்84, யுசிஎல்82, யுஒய்85 என யு எழுத்தில் தொடங்கினால் அதைத் தொடாதீர்கள். அவற்றின் ஹீட்டர்கள் 100 மில்லியம்பியரில் தொடராகக் கோக்கப்பட்டவை. அப்படிப்பட்ட ரேடியோக்களில் பொதுவாக மெயினைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது. சேஸி நேராக மெயினின் ஒரு கம்பியில் நிற்கும். பிளக் எந்தப் பக்கம் சொருகப்பட்டதோ அதைப் பொறுத்து அது லைவாகவும் இருக்கலாம். கிதார் கம்பிகள் கேபிளின் உறை வழியாகச் சேஸியோடு இணைந்தவை. மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. 50சி5, 35டபிள்யூ4 வால்வுகள் உள்ள அமெரிக்கப் பெட்டிகளும் இதே ரகம். அவற்றைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எர்த்

நம் நாட்டு மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனைதான் நீளம். அது உள்ளே போனால்தான் சாக்கெட்டின் மூடி திறக்கும். அதனால் இரைச்சலைக் குறைக்க எர்த்தை வெட்ட நினைப்பவர்கள் முனையை வெட்டுவதில்லை, பிளக்கைத் திறந்து உள்ளே வயரைக் கழற்றிவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. மேடைக்குப் பயன்படுத்திய பெட்டி எதை வாங்கினாலும், முதலில் பிளக்கைத் திறந்து பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். இரண்டு முனைப் பிளக்கைப் பேனா முனையால் மூடியைத் திறந்து சொருகும் பழக்கமும் இங்கே சர்வசாதாரணம். ஆம்ப்ளிஃபயருக்கு அது கூடவே கூடாது.

எர்த் இல்லாத சேஸியில் கிதாரைப் பிடித்திருப்பவர், எர்த் உள்ள ஒலிபெருக்கியின் மைக்கில் வாயை வைத்தால், பழுதான டிரான்ஸ்ஃபார்மரின் கசிவு முழுவதும் உதடு வழியாகப் போகும். இரைச்சலுக்கு மருந்து வேறு: இரண்டு பெட்டிக்கும் ஒரே எக்ஸ்டென்ஷனிலிருந்து மின்சாரம் கொடுங்கள். போதவில்லையென்றால் நடுவே டிஐ பாக்ஸ் (சிக்னலைத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் கடத்தும் சிறு பெட்டி) வைத்து அதன் சிக்னல் எர்த்தை மட்டும் விலக்குங்கள்.

பச்சை மஞ்சள் எர்த் வயருக்குத் தனி போல்ட். வயர் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டையே இதற்கும் பயன்படுத்தாதீர்கள்; அது நாளடைவில் தளரும். லைவ், நியூட்ரலைவிட எர்த் வயர் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். இழுபட்டால் கடைசியாக அறுவது அதுவாக இருக்க வேண்டும். பிளக் முனைக்கும் சேஸிக்கும் இடையே மீட்டரில் 1 ஓமுக்குக் கீழே வர வேண்டும். சுவர் சாக்கெட்டில் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்பதை வயர்மேன்தான் சோதிக்க வேண்டும். இ.எல்.சி.பி.யின் டெஸ்ட் பொத்தான் அதைச் சொல்லாது.

பிளக்குக்குள் 13 ஆம்பியர் பியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள். சேஸியில் லைவ் முதலில் பியூஸுக்கு, பிறகு சுவிட்சுக்கு, பிறகு டிரான்ஸ்ஃபார்மருக்கு. இந்தப் பெட்டி இழுப்பது 40 வாட் பக்கம். ஆகவே 500 மில்லியம்பியர் மெதுவகை பியூஸ் போதும், தொடக்க வேகத்தில் அது போய்க்கொண்டே இருந்தால் 1 ஆம்பியர். பிளக்கும் வயரும் சிரிம் (மலேசியத் தரச்சான்று) ஒட்டு உள்ளவையாக இருக்கட்டும்.

சாமான் வாங்கும்போது

கோலாலம்பூர் ஜாலான் பாசாரிலும் இணையக் கடைகளிலும் எல்லாம் கிடைக்கும். பிரச்சினை எண்களில்தான்.

டிரான்ஸ்ஃபார்மர் 220 வோல்ட்டுக்குச் சுற்றப்பட்டதாக இருந்து, உங்கள் வீட்டில் 240 வந்தால் எல்லாமே 9 விழுக்காடு ஏறும். 6.3 வோல்ட் ஹீட்டர் 6.87 ஆகும். வால்வு தாங்கும், ஆனால் ஆயுள் குறையும். 230 அல்லது 240 முனை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அசல் சேம்ப்பில் இருந்தது 325-0-325, அதாவது நடு முனைக்கு இருபுறமும் 325 வோல்ட். புதிதாகக் கட்டுபவர் 275-0-275 எடுப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. 5ஒய்3 சில விநாடிகளில் சூடாகிவிடும், 6வி6 சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் சுமையே இல்லாததால் அழுத்தம் உச்சத்துக்கே போகும். 325ஐ 1.414ஆல் பெருக்கினால் 460. 450 வோல்ட் கெப்பாசிட்டர் அங்கேயே தோற்றது, 500 வேண்டும். 275க்கு 389தான், 450 வோல்ட் கெப்பாசிட்டர் போதும். ஒலி அளவில் வரும் வித்தியாசம் காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும்.

ரெசிஸ்டருக்கு வாட் மட்டுமல்ல, வோல்ட் வரம்பும் உண்டு. சாதாரண கால் வாட் ரெசிஸ்டர் 250 வோல்ட் வரைக்கும்தான். பிளேட்டுக்கு (வால்வுக்குள் எலக்ட்ரான் போய்ச் சேரும் முனைக்கு) போகும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை 1 வாட்டாகவும், அழுத்தம் குறைக்கும் 10 கிலோ, 22 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை 2 வாட்டாகவும் போடுங்கள். இணைப்புக் கெப்பாசிட்டர் 0.022 மைக்ரோஃபாரட், 630 வோல்ட், ஃபிலிம் வகை.

கோயில் ஒலிபெருக்கிகளில் கழற்றிய 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மரை அவுட்புட்டுக்குப் போடுபவர்கள் இங்கே அதிகம். கணக்கு இடிக்காது: 1.25 வாட் முனையில் அது 8 கிலோ ஓமாகத் தெரியும். ஆனால் அதன் இரும்பில் காற்று இடைவெளி இல்லை. 6வி6இன் 35, 40 மில்லியம்பியர் நேர்மின்னோட்டம் ஓயாமல் ஓடும்போது இரும்பு நிறைவடைந்து, பேஸ் சுருங்கிவிடும். 300 வோல்ட்டுக்கு மேலான நேர் அழுத்தத்துக்காக அதன் காப்பும் தயாரிக்கப்படவில்லை. ஒற்றை வால்வுக்கென்று சுற்றிய 5 முதல் 8 கிலோ ஓம் டிரான்ஸ்ஃபார்மருக்குச் செலவு செய்யுங்கள். சிக்கனம் பிடிக்க வேறு இடம் இருக்கிறது.

முதல் முறை மின்சாரம் கொடுப்பது

லைவில் தொடராக ஒரு 60 வாட் குண்டு பல்பு வையுங்கள், எல்இடி உதவாது. வால்வு எதுவும் இல்லாமல் போடுங்கள். பல்பு ஒருமுறை மின்னி அடங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் சரி. முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கோ ஷார்ட். அழுத்தங்களை அளந்த பிறகு 12ஏஎக்ஸ்7, 6வி6 இரண்டையும் சொருகி ஹீட்டர் எரிகிறதா என்று பாருங்கள். கடைசியில், ஸ்பீக்கரை இணைத்த பிறகே 5ஒய்3. ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் எகிறும் அழுத்தம் அதன் காப்பையே துளைத்துவிடும்.

மீட்டரின் கறுப்பு முனையை கிளிப்பால் சேஸியில் மாட்டிவிட்டு, ஒரு கையால் மட்டும் அளக்க வேண்டும். மற்றக் கை முதுகுக்குப் பின்னால். காலில் ரப்பர் செருப்பு, ஈரத் தரையில் வேலை வேண்டாம். மெயினை அணைக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். யாருக்காவது ஷாக் பிடித்துவிட்டால் ஆளைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள், பிறகு 999.

ஸ்பீக்கர் ஊளையிட்டால் பயப்பட வேண்டாம்: ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகத் திரும்பும் ஃபீட்பேக் தலைகீழாக இருக்கிறது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மை வயர் இரண்டையும் மாற்றிப் போட்டால் நிற்கும். இரைச்சல் 50 ஹெர்ட்ஸ் என்றால் ஹீட்டர் வயரைப் பாருங்கள். முறுக்கிக் கொண்டுபோய், நடு முனை இல்லாவிட்டால் இரண்டு 100 ஓம் ரெசிஸ்டரால் சேஸியோடு இணையுங்கள். 100 ஹெர்ட்ஸ் என்றால் ஃபில்டர் கெப்பாசிட்டர். 6வி6இன் பிளேட் சிவந்தால் உடனே அணைக்க வேண்டும். அதன் 5ஆம் முனையில் நேர்மின் அழுத்தம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சில வோல்ட் தெரிந்தால் 0.022 கெப்பாசிட்டர் கசிகிறது என்று முதலில் சந்தேகியுங்கள்.

மாற்றங்கள்

பெட்டி ஓடத் தொடங்கியதும் கை துறுதுறுக்கும். ஃபீட்பேக்கின் 22 கிலோ ஓமைக் கழற்றிவிட்டால் சத்தமும் கரகரப்பும் கூடும். முதல் நிலையின் 1.5 கிலோ ஓம் கேத்தோடு ரெசிஸ்டருக்குக் குறுக்கே கெப்பாசிட்டர் இல்லையென்றால் 25 மைக்ரோஃபாரட் போடலாம், மேல் சுரம் மட்டும் வேண்டுமென்றால் 0.68. இவற்றால் ஆபத்தில்லை.

பவர் பக்கத்து மாற்றம் வேறு கதை. 5ஒய்3க்குப் பின்னால் முதல் கெப்பாசிட்டரை 100 மைக்ரோஃபாரட் ஆக்கினால் இரைச்சல் குறையும் என்று போடுவார்கள். அந்த வால்வுக்கு 20 பக்கமே வரம்பு, மீறினால் உள்ளே பொறி பறக்கும். 5ஒய்3ஐ எடுத்துவிட்டு டையோடு போட்டால் அழுத்தம் 40, 50 வோல்ட் ஏறும். 6வி6க்குப் பதிலாக 6எல்6 சொருகலாம், முனைகள் ஒத்துப்போகும். ஆனால் ஹீட்டர் 0.45க்குப் பதில் 0.9 ஆம்பியர் கேட்கும், சிறிய டிரான்ஸ்ஃபார்மர் கொதித்துவிடும்.

எதை மாற்றினாலும் 6வி6இன் சுமையைக் கணக்கிடுங்கள். 470 ஓம் கேத்தோடு ரெசிஸ்டரில் 19 வோல்ட் என்றால் 40 மில்லியம்பியர். ஸ்கிரீனுக்கு (வால்வின் உள்வலைக்கு) 3 கழித்தால் 37. பிளேட்டில் 345 இருந்தால் கேத்தோடைக் கழித்து 326. இரண்டையும் பெருக்கினால் 12 வாட். வால்வின் பழைய வரம்பும் 12தான், அங்கேயே நிறுத்துங்கள். டையோடு போட்ட பிறகு பிளேட்டில் 380, கேத்தோடில் 22 வந்தால் 15 வாட்டைத் தாண்டிவிட்டது. 470ஐ 680 ஓம், 5 வாட்டாக மாற்றி மறுபடி அளக்க வேண்டும்.

நம் ஊர் ஈரத்துக்கும் பல்லிக்கும் ஒரு வார்த்தை. சேஸியின் அடிப்பக்கத்தைத் துளையுள்ள தகட்டால் மூடுங்கள். சூட்டைத் தேடி உள்ளே போகும் பல்லி இரண்டு முனைகளுக்கு நடுவே கருகிக் கிடப்பதைப் பார்க்க நேரும். இடி மின்னல் தொடங்கினால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

அளந்த அழுத்தங்களை ஒரு தாளில் எழுதி, தேதியோடு பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள். 275 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் 6வி6 பிளேட்டில் 295, கேத்தோடில் 17 பக்கம் வரலாம். அதன்படி சுமை 9 வாட்டைச் சற்றுத் தாண்டும். அடுத்த முறை சத்தம் குறைந்தாலோ இரைந்தாலோ, பழுது பார்ப்பவர் முதலில் கேட்கப்போவது அந்த எண்களைத்தான்.