காபன் பதித்தல்: பச்சையம் இல்லாவிட்டால் பதியாதா?

கல்லடிக் கடற்கரையில் அடம்பன் கொடிக்கு மேல் சிக்குப்பட்ட மஞ்சள் நூல்போலப் படர்ந்து கிடக்குமே கொத்தான் என்ற ஒட்டுண்ணிக் கொடி, அதைக் காட்டி உயர்தரம் படிக்கிற மருமகள் கேட்டாள்: "மாமா, இதுல பச்சையமே இல்ல, அப்ப காபன் பதித்தலும் நடக்காதுதானே?"

நடக்கலாம். ஒளித்தொகுப்பும் காபன் பதித்தலும் ஒன்றேதான் என்று நினைப்பதால் வருகிற குழப்பம் இது. தட்டார் தோட்டில் கல் பதிக்கிறாரே, அதே பதித்தல்தான் இங்கேயும். காற்றில் திரிகிற காபனீரொட்சைட்டைப் பிடித்து ஒரு சேதனச் சேர்வைக்குள் இருத்துவது. சொல்லில் ஒளியே இல்லை, கவனியுங்கள். fixation என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரும் இறுக்கிப் பொருத்துவதைத்தான் சொல்கிறது. 1750களில் யோசப் பிளாக் என்ற ஸ்கொட்லாந்து இரசாயனவியலாளர், சுண்ணக்கல்லுக்குள் அடைபட்டுக் கிடந்து வெளிவந்த இதே வாயுவுக்கு 'பதிந்த காற்று' என்ற பொருளில் பேர் வைத்தார். தமிழ்நாட்டில் 'நிலைநிறுத்தம்' என்கிறார்கள், பிழையில்லை, ஆனால் எனக்கு அது தூண் நடுகிற மாதிரிக் கேட்கிறது. பதித்தல்தான் பொருந்துகிறது.

பதிக்கிற தட்டார் ஒரு நொதியம் (enzyme, உயிருக்குள் நடக்கிற இரசாயனத் தாக்கத்தை விரைவாக்குகிற புரதம்), பேர் ரூபிஸ்கோ. நொதியம் என்ற சொல் நொதித்தலில் இருந்து வந்தது, அதாவது அப்ப மாவில் கள்ளு விட்டு மூடி வைத்தால் விடியும்போது நுரைத்துப் பொங்கி நிற்கிறதே, அது. கிரேக்க மூலமும் புளித்த மாவைத்தான் காட்டுகிறது, அதனால் இந்தத் தமிழாக்கம் அச்சொட்டு. ரூபிஸ்கோ என்ற பேரோ 1979இல் ஒரு பகிடியாகப் பிறந்த சுருக்கம். நபிஸ்கோ என்ற பிஸ்கட் கம்பனியின் சாயலில் வைத்தது. அதைத் தமிழாக்கப் போய் மினைக்கெட வேண்டாம், அப்படியே எழுதுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ரூபிஸ்கோ பச்சை நிறமானது இல்லை. ஐந்து காபன் உள்ள சேர்வையோடு காபனீரொட்சைட்டைச் சேர்த்து, மூன்று காபன் உள்ள இரண்டு மூலக்கூறாக்குவது அதன் வேலை. பச்சையம் பிடிக்கிற ஒளி, அந்த ஐந்து காபன் சேர்வையைத் திரும்பத் திரும்ப ஆக்கச் சக்தி கொடுக்கிறது, அவ்வளவுதான். ஐரோப்பாவில் மரவேரில் ஒட்டி வாழ்கிற லத்திரேயா என்ற நிறமற்ற ஒட்டுண்ணியில் ரூபிஸ்கோவின் மரபணு கெடாமல் இருக்கிறது, நொதியமும் கொஞ்சம் வேலை செய்கிறது. மாறாக வட அமெரிக்காவில் பீச் (beech) மர வேரில் வாழ்கிற எபிபேகஸில் அந்த மரபணு சிதைந்தே போய்விட்டது என்று 1992இல் தெரியவந்தது. அப்புறம் பெப் காபொட்சிலேசு என்று இன்னொரு நொதியம், இருட்டிலே கிடக்கிற வேரிலும் காபனைப் பதித்து நாலு காபன் அமிலம் ஆக்கும். ஆனால் இதையெல்லாம் வைத்து நிறமற்ற செடி வயிறு வளர்க்க முடியாது, சீனி, அது ஒட்டி வாழ்கிற தாவரமான விருந்துவழங்கியிடமிருந்துதான் வரவேண்டும்.

மருமகள் காட்டிய செடிதான் பொருந்தவில்லை. கொத்தானின் இளந்தண்டை நகத்தால் கீறிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே இளம்பச்சை. கறுவாக் குடும்பத்துப் பிள்ளை அது, கொஞ்சம் பச்சையத்தை இன்னும் கைவிடவில்லை.