மினுக்கு முன்னாலா, முதுகிலா? இரண்டு தேன்சிட்டுகள்

“எங்க வீட்டு செம்பருத்தியில ஹம்மிங்பேர்ட்!” என்று பினாங்கிலிருந்து வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தால், திறந்து பார்க்காமலே சொல்லிவிடலாம், அது தேன்சிட்டு. ஹம்மிங்பேர்டுகள் அமெரிக்கக் கண்டங்களை விட்டு வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. இதில் ஒரு வேடிக்கை: ஹம்மிங்பேர்டுக்கு நெருங்கிய சொந்தம் உழவாரன் குருவிகள். சூப்புக்காகச் சீனர்கள் விலைகொடுத்து வாங்கும் எச்சில் கூட்டைக் கட்டுகிறதே, அந்தப் பறவையும் அதே வகைதான். தேன்சிட்டு அந்தப் பக்கமே இல்லை. காகமும் மைனாவும் உள்ள வரிசையைச் சேர்ந்தது. இரண்டுக்கும் பூந்தேன்தான் பிழைப்பு என்பதால் ஒல்லி அலகும் மினுக்கும் தனித்தனியாக வந்து சேர்ந்தன. தேன்சிட்டு அந்தரத்தில் நின்று குடிப்பது சில நொடிதான். பெரும்பாலும் காம்பைப் பற்றிக்கொண்டே குடிக்கும். குழல் நீளமான பூ என்றால் அடியில் ஓட்டை போட்டுத் தேனைத் திருடுவதும் உண்டு.

சரி, எந்தத் தேன்சிட்டு? பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கத்துத் தாவரவியல் பூங்காவானாலும் கோலாலம்பூரில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வாசலானாலும், அடிக்கடி கண்ணில் படுபவை இரண்டு: ஒலிவ் முதுகுத் தேன்சிட்டு, பழுப்புத் தொண்டைத் தேன்சிட்டு. இரண்டுக்கும் வயிறு மஞ்சள். குழப்பமே அதில்தான் தொடங்குகிறது.

ஆண்களைப் பிரிக்க நான் பார்ப்பது, மினுக்கு எந்தப் பக்கம் என்பதை. ஒலிவ் முதுகின் ஆணுக்குத் தொண்டையும் மார்பும் கருநீலமாக மின்னும். முதுகு எந்த வெயிலிலும் மங்கலான பச்சைதான். பழுப்புத் தொண்டையின் ஆணுக்கு அப்படியே தலைகீழ்: உச்சந்தலையும் முதுகும் பச்சையும் ஊதாவுமாகப் பளபளக்கும், தொண்டை மட்டும் சாதாரணப் பழுப்பு.

ஆனால் நிழலில் இந்த மினுக்கு காணாமல் போய்விடும். காரணம், அது சாயம் இல்லை. வயிற்றின் மஞ்சள் கரோட்டினாய்டு நிறமியால் வருவது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மஞ்சள்தான். மினுக்கும் இறகின் நுண்ணிழைகளிலோ மெலனின் என்ற கருநிறமியின் துணுக்குகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அடுக்குகளின் இடைவெளி ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடும் அளவுக்குச் சிறியது. ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகளில் சில நிறங்கள் ஒன்றையொன்று வலுப்படுத்தும், சில அடித்துக்கொண்டு அழியும். மழைத்தண்ணீரில் சிந்திய பெட்ரோல் வானவில் காட்டுவதும் இதே கணக்குதான். கோணம் மாறினால் ஒளி கடக்கும் தூரம் மாறும், நிறமும் மாறும். சரியான கோணம் அமையாவிட்டால் வெறும் கருப்பு. வட அமெரிக்காவின் செந்தொண்டை ஹம்மிங்பேர்டின் ஆண் நிழலில் கருந்தொண்டையாகத் தெரிந்து ஆளை ஏமாற்றுவதும் இதனால்தான். அதனால் நிழலில் இருக்கும் பறவையைப் பார்த்து உடனே பெயர் சொல்லாமல், அது திரும்பும்வரை கொஞ்சம் பொறுத்திருப்பது நல்லது.

பெண்கள்தான் உண்மையான தலைவலி. மினுக்கே கிடையாது, இரண்டும் மேலே மங்கல் பச்சை, கீழே மஞ்சள். இங்கே அலகைப் பாருங்கள். ஒலிவ் முதுகுக்கு அலகு மெல்லியது, நன்றாக வளைந்து கீழிறங்கும். பழுப்புத் தொண்டைக்குத் தடித்தது, ஏறக்குறைய நேரானது. உடம்பும் அதற்குக் கொஞ்சம் பெரிது. சுமார் 14 செ.மீ. மற்றது 11 செ.மீ. சொச்சம். ஆனால் தனியாக நிற்கும் பறவையிடம் இந்த அளவு உதவாது. அதைவிட நம்பகமானது வால். ஒலிவ் முதுகின் வால் கருமை, ஓர இறகுகளின் நுனி வெள்ளை. பறக்கும்போதும் கீழிருந்து பார்க்கும்போதும் பளிச்சென்று தெரியும். பழுப்புத் தொண்டைக்கு அந்த வெள்ளை இல்லை. அதன் கண்ணைச் சுற்றி வெளிர் மஞ்சளாக ஒரு வளையம் ஓடும்.

அப்புறம் ஒரு மூன்றாவது கோலமும் உண்டு: பார்க்கப் பெண்போல இருக்கும், ஆனால் தொண்டை நடுவே கருநீலக் கோடு ஒன்று மட்டும் இறங்கும். அது இனப்பெருக்கக் காலத்து உடுப்பைக் களைந்த ஒலிவ் முதுகு ஆண். கலப்பினம் என்று நினைத்துவிட வேண்டாம்.