சுடச்சுட வார்த்த படம்: அடாரியின் கதை

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஒரே ஒரு மோசமான வீடியோ கேம் அடாரி கம்பெனியையே மூழ்கடித்ததாமே? விற்காத கார்ட்ரிட்ஜ்களைப் பாலைவனத்தில் குழி தோண்டிப் புதைத்தார்களாமே, நிஜமா?"

புதைத்தது நிஜம். மூழ்கடித்தது அந்த 'ஈ.டி.' ஆட்டம்தான் என்பது, ஏற்கெனவே கடனில் இருந்த வீட்டுக்கு வந்த புது மருமகளை ராசியில்லாதவள் என்று சொல்வதைப் போன்றது. ஏன் என்று சொல்ல, முதலில் அடாரியின் கேம் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். எனக்கும் அதில்தான் ஆசை.

முன்கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1972-இல் கலிஃபோர்னியாவில் நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் அடாரியைத் தொடங்கினார்கள். ஆலன் ஆல்கார்ன் வடிவமைத்த 'பாங்' என்ற டேபிள் டென்னிஸ் ஆட்டம் கடைகளிலும் பார்களிலும் காசை அள்ளியது. அப்புறம் அதையே வீட்டு டிவிக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தப் பெட்டியில் பாங் மட்டுமே ஆடலாம். எத்தனை நாள் ஆடுவது? கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஆட்டமும் மாறுகிற பெட்டி வேண்டும். அதைச் செய்ய முதலீடு வேண்டும். 1976-இல் வார்னர் நிறுவனம் அடாரியை 2.8 கோடி டாலருக்கு வாங்கியது. 1977 செப்டம்பரில், பின்னாளில் '2600' என்று பெயர் பெற்ற பெட்டி 199 டாலர் விலையில் வந்தது. கார்ட்ரிட்ஜ் யோசனையில் ஃபேர்சைல்டு என்ற இன்னொரு கம்பெனி ஓராண்டு முந்திக்கொண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, பெட்டிக்குள் என்ன இருந்தது? நொடிக்குச் சுமார் 12 லட்சம் துடிப்புகளில் ஓடும் 6507 என்ற மலிவான சிப். நினைவகம் 128 பைட். கிலோபைட் இல்லை, வெறும் பைட். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியைச் சேமிக்க வழக்கமாக 3 பைட் வேண்டும் என்பதால், நீங்கள் இப்போது படிக்கிற இந்த வாக்கியத்தைக்கூட அதில் அடைக்க முடியாது.

திரையோ அகலத்தில் 160 புள்ளி, உயரத்தில் 192 வரி, மொத்தம் 30,720 புள்ளிகள். ஒவ்வொன்றும் கறுப்பா வெள்ளையா என்று மட்டும் குறித்து வைக்கவே 3,840 பைட் ஆகும். கையில் இருப்பது சரியாக அதில் முப்பதில் ஒரு பங்கு. பிறகு படம் எங்கிருந்து வந்தது?

சாதாரணக் கணினி அண்டாவில் ஆக்கி வைத்துவிட்டுப் பந்திக்குப் பரிமாறும். முழுப் படமும் நினைவகத்தில் தயாராக இருக்கும். திரை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அடாரி 2600-இல் அண்டாவே கிடையாது. இலை போட்டபின்தான் தோசை வார்க்க வேண்டும். பழைய குழாய் டிவியில் மின்கற்றை ஒன்று இடமிருந்து வலமாக, வரி வரியாக, நொடிக்கு 60 முறை திரையை வருடிச் செல்லும். அது ஒரு வரியைத் தொடங்கி முடிப்பதற்குள் 6507-க்குக் கிடைப்பது 76 துடிப்புகள். ஒரு கட்டளைக்கு இரண்டு முதல் ஆறேழு துடிப்புகள் செலவாகும். ஆக, இருபது சொச்சம் கட்டளைகளில் அந்த வரிக்கான வடிவத்தையும் நிறத்தையும் கொடுத்துவிட வேண்டும். மின்கற்றை யாருக்காகவும் காத்திருக்காது. நிரல் எழுதியவர் கணக்கில் தவறினால் படம் பிறழும், இல்லையென்றால் உருளும்.

192 வரிகளும் முடிந்து, கற்றை மறுபடி மேலே போகிற இடைவெளி சுமார் 70 வரி நேரம். ஜாய்ஸ்டிக்கைப் பார்ப்பது, எதிரியை நகர்த்துவது, மதிப்பெண் கூட்டுவது எல்லாம் பெரும்பாலும் அதற்குள்தான்.

இதில் 6507-க்குத் துணையாக ஜே மைனர் முன்னின்று வடிவமைத்த இன்னொரு சிப் உண்டு. பெயர் டியா. ஒரு வரியில் அதற்குத் தெரிந்தவை: 8 புள்ளி அகலமுள்ள இரண்டு உருவங்கள், இரண்டு குண்டுகள், ஒரு பந்து, கட்டை கட்டையான பின்னணி. அவ்வளவே. பாங்கும் இருவர் மோதும் டாங்கி ஆட்டமும் ஓடினால் போதும் என்று நினைத்துச் செய்த சிப் அது.

எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். உருவத்தை இடப்பக்கத்திலிருந்து 100-ஆவது புள்ளியில் வை என்று டியாவிடம் சொல்லவே முடியாது. எண்ணை வாங்கிக்கொள்ள அதில் இடமில்லை. மின்கற்றை ஓடிக்கொண்டிருக்கும்போது சரியான கணத்தில் "இங்கே!" என்று தட்ட வேண்டும், அந்தக் கணத்தில் கற்றை எங்கே இருக்கிறதோ அதை ஒட்டி உருவம் உட்காரும். 6507-இன் ஒரு துடிப்புக்குள் கற்றை 3 புள்ளி நகர்ந்துவிடும். நிரலர்கள் கண்டுபிடித்த வழி இது: வேண்டிய எண்ணிலிருந்து 15, 15-ஆகக் கழித்துக்கொண்டே போ. ஒரு முறை கழித்துச் சுற்றி வர 5 துடிப்புகள், அதாவது கற்றை 15 புள்ளி தள்ளிப்போயிருக்கும். கழிக்க முடியாமல் போகும்போது தட்டு. மிச்சம் நிற்கும் சில்லறையை, உருவத்தை ஏழெட்டுப் புள்ளி இங்குமங்கும் நகர்த்தும் வசதியால் சரிக்கட்டு. (தொடக்கத்தில் வீணாகும் துடிப்புகளுக்காக எண்ணில் சிறு திருத்தம் உண்டு, அதை விடுங்கள்.) இதில் கணக்குப் போட்டுவிட்டுக் காத்திருப்பது இல்லை. வகுக்கிற நேரமே காத்திருக்கிற நேரம். முதன்முதலில் இது புரிந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்படித்தான் இரண்டே உருவம் தெரிந்த சிப்பில் 1980-இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தது. ஒவ்வோர் உருவத்தையும் அதே வரியில் மூன்று பிரதியாகக் காட்டும் வசதி டியாவில் உண்டு. வரிசைக்கு ஆறு படையினர், கீழே இறங்க இறங்க அதே உருவங்களை மறுபடி பயன்படுத்தி ஆறு வரிசை, மொத்தம் 36 பேர். அந்த ஆட்டத்துக்காகவே பெட்டி வாங்கினார்கள் மக்கள்.

ஆக, அடாரியின் உண்மையான சொத்து 76 துடிப்புகளை எண்ணத் தெரிந்த சில தலைகள். நிர்வாகம் அப்படி நினைக்கவில்லை. தலைவராக இருந்த ரே கஸார் ஜவுளித் துறையிலிருந்து வந்தவர். கார்ட்ரிட்ஜ் அட்டையில் எழுதியவர் பெயர் கிடையாது, விற்பனையில் பங்கும் கிடையாது. 1979-இல் டேவிட் கிரேன் உள்ளிட்ட நான்கு பேர் வெளியேறி, ஆக்டிவிஷன் என்ற நிறுவனம் தொடங்குவதில் பங்கேற்று, அதே பெட்டிக்கு ஆட்டம் எழுதினார்கள். கண்டவர் கார்ட்ரிட்ஜும் ஓடாமல் தடுக்கப் பெட்டியில் பூட்டு எதுவும் இல்லை. வழக்குப் போட்டும் அடாரியால் தடுக்க முடியவில்லை. கதவு திறந்ததும் கூட்டம் புகுந்தது. ஓட்ஸ் விற்கிற குவேக்கர் நிறுவனம்கூட ஒரு கேம் பிரிவு வைத்திருந்தது.

1982-இல் அடாரியே 'பேக்மேன்' கொண்டுவந்தது. நான்கு பேய்களையும் ஒரே நேரத்தில் காட்டாமல், கற்றை திரையை ஒரு முறை வருடி முடிக்கும்போது ஒரு பேய் என்று முறை வைத்து வரைந்ததால், ஒவ்வொன்றும் நொடிக்கு 15 முறை மட்டுமே மின்னியது. கண் கூசும். அப்படியும் 70 லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் அச்சடித்தது 1 கோடியே 20 லட்சம். வீடுகளில் ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளே ஏறத்தாழ 1 கோடிதான் என்கிறார்கள். இது என்ன வகைக் கணக்கோ!

அதே ஆண்டு வந்ததுதான் நீங்கள் கேட்ட 'ஈ.டி.', அதே பெயருள்ள சினிமாவை வைத்துச் செய்த ஆட்டம். எழுதியவர் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா. இதே ஆள் அதற்குமுன் 'யார்ஸ் ரிவெஞ்ச்' ஆட்டத்தில், படத்துக்கு இடம் போதாமல் தன் நிரலின் பைட்களையே மினுமினுக்கும் திரைச்சீலையாகக் காட்டியவர். திறமைக்குக் குறைவில்லை. பட உரிமைக்குக் கோடிக்கணக்கில் கொட்டிய நிர்வாகம் கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிக்க அவருக்குக் கொடுத்தது ஐந்து வாரம் சொச்சம். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். பணம் கொடுப்பவர்களுக்கு நேரம் கொடுக்க மனம் வருவதில்லை.

1982 டிசம்பர் 7 அன்று, லாபம் எதிர்பார்த்தபடி வராது என்று வார்னர் அறிவித்தது. பங்கு விலை சரிந்தது. கடைகள் சரக்கைத் திருப்பி அனுப்பின. 1983-இல் அடாரியின் நஷ்டம் 53 கோடி டாலருக்கு மேல். 1984 ஜூலையில் வீட்டுக் கணினி, கேம் பிரிவுகள் கமோடோர் கணினி கம்பெனியின் நிறுவனர் ஜாக் டிராமியலின் கைக்குப் போயின.

புதைத்த கதைக்கு வருவோம். 1983 செப்டம்பரில் லாரிகள் டெக்சாஸிலிருந்து நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டுக்கு வந்தன. 2014 ஏப்ரலில் அங்கே தோண்டினார்கள். சுமார் 1,300 கார்ட்ரிட்ஜ்கள் மேலே வந்தன. ஈ.டி. இருந்தது. அதோடு, நன்றாக விற்ற 'சென்டிபீட்' போன்ற ஆட்டங்களும் கலந்துதான் கிடந்தன.

பெட்டியின் உற்பத்தி 1992 வரை நீண்டது; மொத்தம் சுமார் 3 கோடி விற்றது. இன்றும் அதற்குப் புது ஆட்டம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் 76 வரைதான் எண்ணுகிறார்கள்.