வெளிய வராத பீம் எங்க போகுது?

சேலத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல சைக்ளோட்ரான் (அயான்கள சுத்தவிட்டு சுத்தவிட்டு வேகம் ஏத்துற மெஷின், அந்த அயான் கூட்டம்தான் பீம்) பத்தி பேசக் கூப்பிட்டிருந்தாங்க, அங்க ஒரு தம்பி எந்திரிச்சு "சார், 40 பர்சன்ட் பீம் வெளிய வரலன்னா அயான் வர்ற சோர்ஸ்ல கரன்ட்ட ஏத்திட்டா போச்சு, அவ்ளோதானே?"ன்னாரு. கன்ட்ரோல் ரூமுக்குப் புதுசா வர்ற பசங்களும் இதையேதான் செய்யப் பாக்குறாங்க, அதான் எழுதுறேன்.

கணக்கு போட்டுப் பாப்போம். 40 எம்இவி (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) எனர்ஜில ஆல்ஃபா பீம், அதாவது ஹீலியம் நியூக்ளியஸ், உள்ள 10 மைக்ரோ ஆம்பியர்னு வைங்க. ஆல்ஃபாவுக்கு சார்ஜ் ரெண்டு, அதனால 40-ஐ ரெண்டால வகுத்து 10-ஆல பெருக்கணும், அப்போ பவர் 200 வாட்ஸ். 60 பர்சன்ட் வெளிய வந்தா மிச்சம் 80 வாட்ஸ். கேக்க கம்மிதான், ஆனா அதுல பெரும்பகுதி, பீம வெளிய திருப்பி விடுற டிஃப்ளெக்டர் வாசல்ல இருக்குற செப்டம்ங்கற மெல்லிசு தகட்டோட விளிம்புல போய் அடிக்கும், சுத்தியும் வாக்குவம், சூடு ஆறக் காத்து கெடையாது. தகடு உருகுறது ஒரு பக்கம்னா, முழு எனர்ஜில அடி வாங்குன மெட்டல் ரேடியோஆக்டிவ் ஆயிடும், அப்புறம் டிஃப்ளெக்டர் ஸ்பார்க் அடிக்குது கழட்டணும்னா ரேடியேஷன் டோஸ் வாங்குறது மெயின்டனன்ஸ் ஆளுங்கதான். கரன்ட்ட ஏத்துனா இதெல்லாமும் கூடவே ஏறும்.

செப்டம் கிட்ட ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் எவ்ளோ இடைவெளி இருக்குங்கறதுலதான் எல்லாமே இருக்கு. டீ (Dee, அயானுக்கு ஒவ்வொரு சுத்துலயும் எனர்ஜி குடுக்குற எலக்ட்ரோடு) வோல்டேஜ் கூட்டுனா இடைவெளி கூடும், பீம் சென்டர்ல ஒழுங்கா இல்லன்னா சுத்தெல்லாம் ஒன்னோட ஒன்னு கலந்துடும். நான் மொதல்ல சென்டர்ல இருக்குற ஸ்லிட்டத்தான், அதாவது ஓரத்து பீம வெட்டி விடுற இடுக்கத்தான், இறுக்குவேன். பீம் பாதியாயிடுச்சேன்னு ஆபரேட்டர் பதறுவாரு, பதறட்டும். அங்க எனர்ஜி கம்மி, நியூக்ளியஸ் கிட்டயே நெருங்க விடாம அதோட சார்ஜே தள்ளி விட்டுடும், அதனால அங்க பீம் விழுந்தாலும் ரேடியோஆக்டிவிட்டி வராது. டயர் தேஞ்ச வண்டிய ஏற்காடு அடிவாரத்துலயே நிறுத்திடணும், இருவதாவது கொண்டை ஊசி வளைவுல போய் நின்னா மொத்த மலைப்பாதையும் ஜாம்.

கார்பன், ஆர்கான் மாதிரி ஹெவி அயான்னா இன்னொரு தொல்லை, வாக்குவம் சுமாரா இருந்தா மிச்ச வாயுல மோதி அயானோட சார்ஜே மாறிடும், சார்ஜ் மாறுனா ரூட்டும் மாறி செவுத்துல போய் முட்டும். அதுக்கு டிஃப்ளெக்டர திட்டிப் பிரயோஜனம் இல்ல, பம்ப்ப பாருங்க.

அளவு எடுக்குறதுலயும் ஏமாந்துடாதீங்க. பீம் கரன்ட்ட அளக்குற ஃபாரடே கப்ல, எலக்ட்ரான உள்ளயே திருப்பித் தள்ளுற சப்ரெஷன் வோல்டேஜ் இல்லன்னா பீம் அடிச்ச எடத்துல இருந்து எலக்ட்ரான் தெறிச்சு வெளிய ஓடிடும், பாசிட்டிவ் பீமுக்கு ரீடிங் கூடத்தான் காட்டும், எஃபிஷியன்சி 105 பர்சன்ட்னுகூட வரும். அப்படி வந்தா ஸ்வீட் வாங்க ஓடாதீங்க, மொதல்ல அந்த சப்ரெஷன் கேபிள் கழண்டிருக்கான்னு பாருங்க.