முகராசியும் நான்கு அங்குலமும்

வளாக நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “உள்ளே நுழைந்ததுமே முடிவு செய்துவிடுவார்களாமே, அப்புறம் அரை மணி நேரம் எதற்குக் கேள்வி கேட்கிறார்கள்?”

பாதி உண்மை. அந்தப் பாதியைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜனைன் வில்லிஸ், அலெக்சாண்டர் டொடோரோவ் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இது. முன்பின் தெரியாத முகங்களின் படங்களை விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். நம்பத் தகுந்தவரா, திறமைசாலியா என்று அதற்குள் தோன்றிய மதிப்பீடு, நிதானமாகப் பார்த்தவர்களின் மதிப்பீட்டோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. கூடுதல் நேரம் கொடுத்தால், தன் தீர்ப்பின் மீது பார்ப்பவருக்கு உறுதி கூடியது. நாம் முகராசி என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். ஆனால் பலரும் ஒரே மாதிரி நினைக்கிறார்கள் என்பதற்குத்தான் இது சான்று. நினைப்பது சரி என்பதற்கு அல்ல. ‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்ற பழமொழியை நம்பி ஆள் எடுத்தவர்கள் பலர் பின்னால் கையைப் பிசைந்திருக்கிறார்கள்.

சரி, கண நேரத்தில் தோன்றிய தப்பான எண்ணத்தை அடுத்த அரை மணி நேரப் பேச்சு ஏன் திருத்துவதில்லை? என்னை மயக்கிய விஷயம் இங்கேதான் இருக்கிறது.

அதே பிரின்ஸ்டனில் கார்ல் வேர்ட், மார்க் ஸானா, ஜோயல் கூப்பர் மூவரும் 1974-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வெள்ளையின மாணவர்களை நேர்காணல் செய்பவர்களாக அமர்த்தினார்கள். வேலைக்கு வந்தவர்களில் வெள்ளையரும் உண்டு, கறுப்பரும் உண்டு. எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளப் பயிற்சி பெற்றவர்கள். கேள்வி கேட்பவருக்கு அறையில் நாற்காலி கிடையாது. அவரே கொண்டுவந்து போட்டுக்கொள்ள வேண்டும். எங்கே போடுகிறார் என்று அளந்தார்கள்! கறுப்பின விண்ணப்பதாரர் எதிரே இருந்தால் நாற்காலி சராசரியாக நான்கு அங்குலம் தள்ளி விழுந்தது. பேச்சில் தடுமாற்றம் அதிகம். நேர்காணலும் ஏறத்தாழ கால் பங்கு சீக்கிரமாக முடிந்தது.

இது பாரபட்சத்தின் கதை மட்டும் என்றால் இதோடு விட்டிருக்கலாம். அவர்கள் சோதனையைத் திருப்பிப் போட்டார்கள். இந்த முறை பயிற்சி பெற்றது கேள்வி கேட்பவர்கள். விண்ணப்பதாரர்கள் எல்லாரும் வெள்ளையர், விவரம் அறியாதவர்கள். ஒரு பாதிப் பேரை நெருங்கி அமர்ந்து கேட்டார்கள். மறுபாதியை முன்பு கறுப்பின விண்ணப்பதாரர்களை நடத்திய அதே பாணியில், தள்ளி அமர்ந்து, தடுமாறிப் பேசி, சீக்கிரம் முடித்து அனுப்பினார்கள். பிறகு, நடந்தது எதுவும் தெரியாத மதிப்பீட்டாளர்கள் விண்ணப்பதாரர்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். தள்ளி வைக்கப்பட்டவர்கள் பதற்றக்காரர்களாகவும் தகுதி குறைந்தவர்களாகவும் தெரிந்தார்கள். தெரிந்தார்கள் என்ன, அந்த அறையில் அவர்கள் உண்மையிலேயே மோசமாகத்தான் செய்தார்கள்.

ஆக, முதல் எண்ணம் கேள்வி கேட்பவர் மண்டைக்குள் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. அது அவர் தோளைச் சாய்க்கிறது, குரலை மாற்றுகிறது, அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறது. எதிரே இருப்பவர் அதற்கேற்ப மலர்கிறார் அல்லது வாடுகிறார். “பார்த்ததுமே தெரிந்துவிட்டது” என்று தேர்வாளர் பெருமையோடு எழுந்து போகிறார். தானே விதைத்து, தானே அறுத்து, ‘விளைச்சலைக் கணித்தேன்’ என்பது போல.

இந்தச் சுழலில் விண்ணப்பதாரர் கையில் இருப்பது கொஞ்சம்தான். ஆனால் அது தொடக்கத்திலேயே இருக்கிறது. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1946-இலேயே காட்டியது: அதே ஆறு குணங்களை நல்லதில் தொடங்கி அடுக்கினால் ஒரு மனிதர், கெட்டதில் தொடங்கினால் வேறொரு மனிதர். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றதும் பெயர், ஊர், அப்பாவின் தொழில் என்று ஒப்பிக்காதீர்கள். அதெல்லாம் அவர்கள் கையிலுள்ள காகிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் செய்து முடித்த ஒரு வேலையை முதல் வாக்கியமாக வையுங்கள். ராகுகாலம் கழித்துக் கிளம்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கழிப்பறையில் இரண்டு நிமிடம் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நில், ஹார்மோன் மாறும் என்பதிலும் இல்லை. 2010-இல் வந்த அந்த முடிவு, 2015-இல் 200 பேரிடம் மறுபடி சோதித்தபோது நிற்கவில்லை. மூல ஆய்வின் முதல் ஆசிரியரே மறு ஆண்டு அதைக் கைவிட்டார். ஆங்கிலத்தில் மந்திரித்த தாயத்து.

உண்மையான மருந்து மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எல்லாரிடமும் ஒரே கேள்விகள், ஒவ்வொரு பதிலுக்கும் உடனே மதிப்பெண். உளவியலாளர் பால் சாக்கெட் குழுவினர் 2022-இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டதில், இப்படி வரையறுத்த நேர்காணலுக்கும் பிற்காலப் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.42 (முழுப் பொருத்தம் என்றால் 1), மனம்போன போக்கில் அரட்டையடித்தால் 0.19. மத்திய அரசோ 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே எடுத்துவிட்டது. குடிமைப் பணித் தேர்விலோ மொத்தம் 2025 மதிப்பெண்ணில் 275 இன்னும் அந்த அறைக்குள் இருக்கிறது. சாதியும் ஆங்கில உச்சரிப்பும் நம் ஊர் நாற்காலிகளை எத்தனை அங்குலம் நகர்த்துகின்றன என்று அளக்க ஓர் அளவுநாடாவும் கொஞ்சம் நிதியும் போதும். ராக்கெட்டுக்குத் தருவதில் கிள்ளிக் கொடுத்தாலே நடக்கும்.

என் முதல் நேர்காணல் நினைவுக்கு வருகிறது. நாற்காலி சுவரோரமாகக் கிடந்தது. மேசை எட்டடி தள்ளி. ஏழு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.