ரோபோ வண்டிக்கும் ஒரு ஸ்டார்ட்டர் வேணுமுங்க

எங்க கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்துல போர் மோட்டார் போடறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். பச்சை பட்டனை அமுக்கறோம், ஆனா அந்த பட்டன் வழியா மோட்டாருக்கு கரண்ட் போறதில்ல, பெட்டிக்குள்ள இருக்கற காயிலுக்கு கொஞ்சூண்டு போகுது, அது காண்டாக்டரை, அதாவது உள்ள இருக்கற பெரிய சுவிட்சை, டக்குனு இழுத்ததுக்கப்புறம்தான் பெரிய கரண்ட் மோட்டாருக்கு பாயுது. ரெண்டு சக்கர ரோபோவுக்கும் இதேதான் அடிப்படை.

லீவுக்கு வந்த அக்கா பையனோட ஒண்ணு செஞ்சேன். நாம எழுதற புரோகிராம்படி நடக்கற அர்டுயினோ ஊனோங்கற சின்ன போர்டு (அர்டுயினோங்கறது 2005ல இத்தாலில இவ்ரியாங்கற ஊர்ல, டிசைன் படிக்கற பசங்களும் பழகட்டும்னு ஆரம்பிச்சது), மஞ்ச கலர் கியர் மோட்டார் ரெண்டு, முன்னால எந்தப் பக்கமும் திரும்பற ஒரு காஸ்டர் வீல். எடுத்த உடனே மோட்டார் வயரை நேரா போர்டுல இருக்கற பின்னுல (வயர் சொருகற எடம்) சொருக போனான்.

"இரு மாப்ள."

"ஏன் மாமா, அதான் 5 வோல்ட் வருதுல்ல?"

வோல்ட் வருது, ஆனா ஒரு பின்னுல 20 மில்லி ஆம்ப்தான் நிம்மதியா எடுக்கலாம், 40ஐ தாண்டுனா சிப்பு கெட்டுரும். எல்இடி எரிய அது போதும். மோட்டார் சும்மா சுத்தறதுக்கே 100க்கு மேல கேக்கும், சக்கரம் சிக்கி நின்னா இன்னும் பல மடங்கு இழுக்கும்.

அதனால நடுவுல எல்298என் டிரைவர். இதுதான் நம்ம ஸ்டார்ட்டர் பெட்டி. உள்ள ஒரு மோட்டாருக்கு நாலு சுவிட்ச், இங்கிலீஷ் எச் எழுத்தோட நாலு கால்ல நாலும் இருக்குன்னு வெச்சுக்கங்க, நடுக்கோட்டுல மோட்டார். குறுக்கால ரெண்டு ஆன் ஆனா முன்னால போகும், மத்த ரெண்டு ஆன் ஆனா கரண்ட் எதிர்ப்பக்கமா பாஞ்சு ரிவர்ஸ். த்ரீ பேஸ் மோட்டார் தலைகீழா சுத்துனா ரெண்டு வயரை மாத்தி குடுப்போமில்லீங்களா, அந்த மாத்தற வேலையை இந்த சிப்பு கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள செஞ்சுருது. வேகத்துக்கு, போர்டு ஒரு செகண்டுக்கு சுமார் 490 தடவ ஆன் ஆஃப் பண்ணுது, ஆன்ல இருக்கற நேரம் கூடக்கூட சக்கரம் வேகமாகும். 0ல இருந்து 255 வரைக்கும் நம்பர் குடுக்கலாம்.

எங்களுக்கு ஒரு சாயங்காலமே போனது பேட்டரிலதான். சதுரமா இருக்கற 9 வோல்ட் பேட்டரி போட்டோம், வண்டி ஒரு இஞ்ச் நவுந்து நிக்கும், லைட் அணைஞ்சு எரியும், மறுபடி ஒரு இஞ்ச். அந்த பேட்டரியால மோட்டார் கிளம்பறப்ப கேக்கற கரண்டை குடுக்க முடியாது, வோல்டேஜ் படுத்துரும், போர்டு ரீஸ்டார்ட் ஆயிரும். 18650ங்கற லித்தியம் செல் ரெண்டை வரிசையா போட்டா 7.4 வோல்ட், டிரைவரே அதுல சுமார் 2 வோல்ட் தின்னுரும், மிச்சம் மோட்டாருக்கு சரியா இருக்கும். போர்டுக்கு தனி பவர் குடுத்தீங்கன்னா ரெண்டோட மைனஸையும் கட்டாயம் சேர்த்து கட்டோணும், இல்லீன்னா எந்த மேட்டுல இருந்து அளக்கறோம்னே தெரியாம கெணத்து ஆழம் சொல்ற மாதிரி ஆயிரும், டிரைவருக்கு சிக்னல் புரியாது.

ஸ்டியரிங்குன்னு தனியா ஒண்ணுமில்ல, ஒரு சக்கரம் முன்னாலயும் இன்னொண்ணு பின்னாலயும் சுத்துனா நின்ன எடத்துலயே திரும்பும். நேரா போறதுதான் கஷ்டம். ஒரே பெட்டில வந்த மோட்டாரா இருந்தாலும் ரெண்டும் ஒரே வேகத்துல சுத்தாது, எங்குளுது இடது பக்கமா இழுத்துச்சு. மாப்ள வாசல்ல சாக்பீஸ்ல கோடு போட்டு வலது மோட்டார் நம்பரை ரெண்டு ரெண்டா கொறச்சுட்டே வந்தான், இடதுக்கு 200, வலதுக்கு 186 வெச்சப்ப வண்டி கோட்டை விட்டு வெலகாம, ஆடு மாடு கட்டற தொண்டுப்பட்டி வரைக்கும் போச்சுங்க.